பாரிசவாதத்துக்குப் பிறகு ராகமவா, வீட்டுக்கு வரும் பிசியோவா?

நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்டபடி திருப்பிச் சொல்கிறேன், பிழை என்றால் திருத்துங்கள். அப்பாவுக்கு 64 வயது, கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர். பாரிசவாதம் (ஸ்ட்ரோக்) வந்து ஐந்து கிழமை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, கதை இரண்டு மூன்று சொல்லோடு நிற்கிறது. டிக்கட் வெட்டி, அதாவது வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி, வெள்ளவத்தை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள். மாமா ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையில் சேர்க்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுக்கு வரும் பிசியோ ஒருவரின் நம்பரைத் தந்திருக்கிறார். அம்மாவின் பக்கத்தார் எண்ணெய் வைத்தியம் என்கிறார்கள். எது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் ‘மூன்று மாதம் தாண்டினால் ஒன்றும் வராதாம், நாங்கள் பிந்திவிட்டோமா?’ என்று ஒன்று கேட்டிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். கொழும்பில் அரச வைத்தியசாலை வார்டுகளில் நீண்ட காலம் வேலை செய்தவன், இப்போது வீடுகளுக்கும் போகிறேன். ஆகவே வீட்டுப் பிசியோ பற்றி நான் சொல்வது என் பிழைப்போடு சம்பந்தப்பட்டது என்பதை மனதில் வைத்து வாசியுங்கள். இன்னொன்று, அப்பாவை நேரில் பார்க்காமல், ஸ்கேன் ரிப்போர்ட்டும் தெரியாமல், அவர் நடப்பாரா, கை வருமா என்று யார் உறுதியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் உட்பட.

பிந்தவில்லை. ஐந்து கிழமை என்பது நல்ல நேரத்தின் நடுப்பகுதி. பெரும்பாலானோருக்கு முன்னேற்றத்தின் பெரிய பங்கு முதல் மூன்று மாதத்தில் வருகிறது, ஆறு மாதம் வரை வேகம் குறைந்து தொடர்கிறது. இதில் சந்தேகம் இல்லை. அதற்குப் பிறகு ஒன்றுமே வராது என்பதுதான் யாரோ கூட்டிச் சேர்த்த கதை. பாரிசவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான ஆட்களின் நல்ல கைக்கு உறை போட்டுவிட்டு, பலவீனமான கையாலேயே இரண்டு கிழமை வேலை செய்ய வைத்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. கிடைத்த பலன் ஒரு வருடம் கழித்தும் நின்றது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்களுக்கு மணிக்கட்டிலும் விரலிலும் கொஞ்சமாவது அசைவு மிச்சம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2021இல் வந்த இன்னொரு சிறிய ஆய்வில், 72 பேர்தான், 20 மணித்தியாலம் கூடுதல் கைப்பயிற்சியைப் பாரிசவாதம் வந்து இரண்டு மூன்று மாதமானபோது பெற்றவர்களுக்கே பலன் அதிகம் தெரிந்தது. சிறிய ஆய்வு என்பதால் அதை வேதவாக்காக எடுக்க மாட்டேன். என்றாலும் உங்களுக்கு அந்தக் காலம் இன்னும் கையில் இருக்கிறது.

‘வார்டில் முதல் இரண்டு நாள் எழுப்பவே இல்லை’ என்று மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள். முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடமாட வைத்தால் நல்லதா என்று 2104 பேரை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று செய்தார்கள். 2015இல் முடிவு வந்தபோது எங்கள் துறையில் பலருக்கு அதிர்ச்சி. அவசரப்பட்டு அதிகம் எழுப்பப்பட்டவர்களின் நிலைதான் சற்று மோசமாக இருந்தது.

காலையும் கையையும் ஒரே கணக்கில் பார்க்க வேண்டாம். கால் முழுப் பலம் பெறாவிட்டாலும் நடை வரலாம். கோலோடோ, கணுக்காலைத் தூக்கிப் பிடிக்கும் பட்டியோடோ என்றாலும் பெரும்பாலானோர் ஏதோ ஒரு அளவுக்கு நடக்கிறார்கள். கை வேறு. சட்டைப் பொத்தானைப் போட விரல் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும். நெதர்லாந்தில் செய்த ஆய்வு ஒன்றில், முதல் 72 மணித்தியாலத்துக்குள் விரலைக் கொஞ்சம் விரிக்கவும் தோளைப் பக்கவாட்டில் கொஞ்சம் உயர்த்தவும் முடிந்தவர்களில் 98 சதவீதமானவர்களுக்கு ஆறு மாதத்தில் ஓரளவு கைத்திறன் வந்தது. இரண்டுமே முடியாதவர்களில் அது 25 சதவீதம். அப்பாவின் விரல்கள் இன்றுவரை கொஞ்சமும் விரியவில்லை என்றால், அந்தக் கை பழையபடி கணக்குப் புத்தகம் எழுதும் என்று நான் சொல்ல மாட்டேன். விரலில் ஒரு சிறு அசைவு இருந்தாலும் கதை வேறு, அந்தக் கையை விடவே கூடாது.

இனி இடம். ராகமவில் இரண்டு அரச வைத்தியசாலைகள் உண்டு. பெரியது கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலை. மாமா சொல்வது அதுவல்ல, வாத (மூட்டு நோய்) மற்றும் புனர்வாழ்வு வைத்தியசாலை. முள்ளந்தண்டு அடிபட்டவர்கள், கால் எடுக்கப்பட்டவர்கள், பாரிசவாதக்காரர்கள் என்று தங்கியிருந்து பயிற்சி பெறும் இடம் அது. பிசியோ, ஓ.டி. (அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குபவர்), ஸ்பீச் (பேச்சுப் பயிற்சி தருபவர்) எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் அதன் பலம். சேர்ப்பதற்கு உங்கள் வைத்தியரின் கடிதம் வேண்டும், கட்டில் கிடைக்கக் காத்திருக்கவும் வேண்டிவரலாம். நம் நாட்டில் ‘வாதமும் புனர்வாழ்வும்’ ஒரே விசேட வைத்தியரின் துறை. ஆகவே கிளினிக்கில் ‘ருமட்டோலஜி அண்ட் ரீஹபிலிடேஷன் கன்சல்டன்ட்டுக்குக் கடிதம் தாருங்கள்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் பலருக்கும் கிடைப்பதில்லை. தேசிய வைத்தியசாலையிலும், உங்களுக்குக் கிட்ட இருக்கும் களுபோவில வைத்தியசாலையிலும் வெளிநோயாளர் பிசியோ உண்டு, காசு இல்லை. குறை என்னவென்றால் கூட்டம். தவணைகள் தள்ளித் தள்ளி வரும், ஒரு தடவைக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. காலி வீதி நெரிசலில் ஓட்டோவில் போய் வரும் களைப்பில் பாதி பலன் போய்விடும்.

தங்கியிருந்து பயிற்சி பெற இடம் கிடைத்தால் போங்கள், இரண்டாம் யோசனை வேண்டாம். கிடைக்கும் வரையில், அல்லது கிடைக்காவிட்டால், வீட்டுக்கு வரும் பிசியோ. ஆனால் யார் வருகிறார் என்பதைவிட வந்து என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். ஒரே ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும்: கையை அப்பா அசைக்கிறாரா, பிசியோ அசைக்கிறாரா? அப்பா கண்ணை மூடிப் படுத்திருக்க, வந்தவர் கையையும் காலையும் மடக்கி நீட்டி, மெஷின் ஒன்றைப் பூட்டி, முக்கால் மணித்தியாலத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்றால் மூட்டு இறுகாமல் இருக்கும், அவ்வளவுதான். மூளை புதிய வழி தேடுவது, முடியாத ஒன்றை அவரே முயன்று, பிழைத்து, திரும்ப முயலும்போது. அதுவும் நிறையத் தடவை. அமெரிக்காவில் சிகிச்சை நேரங்களில் கூடவே இருந்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு தடவையில் கையால் செய்யும் உபயோகமான அசைவுகள் சராசரியாக 32தான். மிருகங்களில் செய்த ஆய்வுகளில் மூளை மாறத் தேவைப்பட்டதோ நாளுக்கு நூற்றுக்கணக்கில். அங்கேயே அப்படி என்றால் நம் நிலைமையை யோசியுங்கள். ஆகவே தினமும் வந்து தானே எல்லாம் செய்துவிட்டுப் போகிறவரைவிட, கிழமைக்கு இரண்டு தரம் வந்து, அப்பாவைச் செய்யவைத்து, அடுத்த தடவை வரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கும் அம்மாவுக்கும் காட்டிவிட்டுப் போகிறவர் மேல். காசும் மிச்சம். இலங்கை மருத்துவச் சபையில் பதிவு உண்டா என்று கேளுங்கள், பதிவு உள்ளவர் கோபிக்க மாட்டார்.

உதாரணத்துக்கு, கதிரையிலிருந்து எழும்புவது. இது வந்தால் கொமோட் வரும், கட்டில் வரும், பிறகு நடையும் வரும். ஆனால் சோபாவில் பழக்காதீர்கள். கைபிடி உள்ள உறுதியான மரக் கதிரையைச் சுவரோடு வையுங்கள். உயரம் குறைவு என்றால் மடித்த கம்பளியைப் போடுங்கள், உயரம் கூடக் கூட எழும்புவது சுலபம். அவர் முன்னால் நகர்ந்து விளிம்புக்கு வரட்டும். இரண்டு பாதமும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். வலது பாதம் வழுக்கிக்கொண்டு முன்னே போகும், அதை இழுத்து இடது பாதத்துக்குச் சமமாக வையுங்கள், அல்லது ஒரு அங்குலம் பின்னால். இல்லாவிட்டால் முழுப் பாரத்தையும் இடது காலே வாங்கிக்கொள்ளும், வலது கால் சும்மா இருக்கப் பழகிவிடும். இடது கையால் வலது கையைப் பிடித்து இரண்டையும் முன்னே நீட்டச் சொல்லுங்கள். மூக்கு கால் பெருவிரலைத் தாண்டும் வரை குனியட்டும். பயத்தில் எல்லாரும் பின்னுக்கே சாய்வார்கள், எழும்ப முடியாததற்குப் பாதிக் காரணம் அதுதான். குனிந்ததும் பின்புறம் தானாக லேசாகும், அப்போது எழும்பச் சொல்லுங்கள். இருக்கும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக. நீங்கள் வலது பக்கம் நின்று இடுப்பைப் பிடியுங்கள், முழங்கால் மடங்குகிறது என்றால் உங்கள் முழங்காலால் முட்டுக் கொடுங்கள். ஐந்து தடவை, ஓய்வு, திரும்ப ஐந்து. இப்படி ஒரு நாளில் பல வேளை. பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதா, இருதயப் பிரச்சினை உண்டா என்று வைத்தியரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இதை வாசித்துவிட்டு ‘அப்போ எல்லாவற்றையும் நாங்களே செய்துகொள்ளலாம், பிசியோ எதற்கு’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1250 பேரை வைத்து அதைத்தான் சோதித்தார்கள். குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்யவைத்தார்கள். 2017இல் முடிவு வந்தது: ஆறு மாதத்தில் இறப்பிலோ, பிறர் தயவில் இருக்கும் நிலையிலோ, வழக்கமான கவனிப்பைவிட எந்த வித்தியாசமும் இல்லை. எனக்குப் பிடித்த முடிவு இல்லை அது, ஆனால் உள்ளது உள்ளபடி சொல்கிறேன். குடும்பம் மட்டும் போதாது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். அடுத்தது என்ன, எப்போது கடினமாக்குவது என்று தீர்மானிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். நடுவில் உள்ள நாட்களில் வீட்டார் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு கூடுதல் பலன் என்பதற்கு உறுதியான கணக்கு இல்லை. இது என் அனுபவத்தில் நான் வந்து சேர்ந்திருக்கும் அபிப்பிராயம்.

செய்யக் கூடாதவற்றில் முதலாவது தோள். விழுந்த கையின் தோள்மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசை இப்போது வேலை செய்யவில்லை. அக்குளில் கைபோட்டு, அல்லது கையைப் பிடித்து இழுத்து அவரைத் தூக்கினால் தோள் நோகத் தொடங்கும். அந்த நோ வந்துவிட்டால் இரவில் தூக்கமும் போகும், பகலில் பயிற்சியும் போகும். இருக்கும்போது கைக்குக் கீழே தலையணி வையுங்கள். யன்னல் கம்பியில் கப்பி கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து மற்றக் கையைத் தலைக்கு மேல் தூக்குவது பல வீடுகளில் நடக்கிறது. தோள் நோவை வரவழைப்பதில் அதுபோல் வேறில்லை, கழற்றிவிடுங்கள். ரப்பர் பந்தை அமத்துவது பற்றி நிச்சயமாகக் கெட்டது என்று சொல்லச் சான்று இல்லை. ஆனால் விரல்கள் மூடுவது தானாக வந்துவிடும், விரிவதுதான் வராது. மூடுவதையே ஏன் பழக்க வேண்டும்? மேசையில் துவாயை விரித்து, அதன்மேல் கையை வைத்து முன்னால் தள்ளச் சொல்லுங்கள். அது மேல்.

எண்ணெய் வைத்தியம் பற்றி நேராகச் சொல்கிறேன். இதமாக எண்ணெய் பூசி உருவிவிட்டால் அவருக்குச் சுகமாக இருக்கும், யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற ஆறுதலும் கிடைக்கும். அதைத் தடுக்க மாட்டேன். அசைவைத் திருப்பித் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரத்தை நான் கண்டதில்லை. பயம் வேறு மூன்று விஷயங்களில்: தோளைப் பிடித்து முறுக்குவது, உணர்ச்சி குறைந்த தோலில் சூடான ஒத்தடம் கொடுத்துப் பொக்களிக்க வைப்பது, ‘இந்தக் கசாயம் குடிக்கும்போது இங்கிலிஷ் மருந்து வேண்டாம்’ என்பது. மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும். இரத்தம் உறையாமல் இருக்கவும் பிரஷருக்கும் கொடுத்த குளிசைகளை நிறுத்தினால் இரண்டாவது பாரிசவாதம் வரும் ஆபத்து கூடும். கசாயம் கொடுப்பதே என்றாலும் கிளினிக்கில் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கதைப்பது பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகம் சொல்ல வேண்டியதாகத் தெரிகிறது. வலது பக்கம் விழுந்தது என்றால் பாதிப்பு மூளையின் இடது பக்கம். மொழி இருப்பதும் பெரும்பாலோருக்கு அங்கேதான். நாக்கு குழறுவது ஒரு வகை. சொல் வராமல் போவதும் கேட்டது விளங்காமல் போவதும் இன்னொரு வகை. உங்கள் அப்பாவுக்கு இரண்டாவது என்று ஊகிக்கிறேன். உங்கள் பெயரைச் சொல்ல முடியாதவர் சின்ன வயதில் பாடமாக்கிய தேவாரத்தை அம்மாவோடு சேர்ந்து பாடுகிறார் என்றீர்களே, அது நடிப்பு அல்ல, பிடிவாதமும் அல்ல. பாட்டு, எண்ணிக்கை, வசவு இவையெல்லாம் தானாக ஓடும் பேச்சு. யோசித்துச் சொல்லும் பேச்சு போன பிறகும் அவை மிஞ்சுவது சகஜம்.

கொழும்பில் இதில் ஒரு சிக்கல் உண்டு. அப்பா கடையில் நாள் முழுக்கச் சிங்களம் கதைத்தவர், அதனால் பிரச்சினை இல்லை என்று எல்லாரும் நினைப்போம். வார்டில் ‘கக்குல உஸ்ஸன்ன’ என்பார்கள், அவர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார், ‘சொல்வது விளங்கவில்லை’ என்று எழுதப்படும். அதே ஆளிடம் ‘அப்பா, காலைத் தூக்குங்கோ’ என்று மகள் சொன்னால் தூக்குவார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே பாதிக்கப்பட்டுச் சேர்ந்தே திரும்பும், ஆனால் எல்லாருக்கும் அப்படி இல்லை. ஒரு மொழியில் கொடுத்த பயிற்சி மற்ற மொழிக்கும் உதவுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஆகவே அவர் வீட்டில் வாழும் மொழியில், தமிழில், பயிற்சி கிடைப்பதே நல்லது. தமிழ் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட் கொழும்பில் குறைவு. கிடைக்காவிட்டால் சிங்களத் தெரபிஸ்டோடு நீங்கள் பக்கத்தில் இருந்து, பயிற்சியைத் தமிழில் மாற்றிச் செய்யுங்கள், அவர்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் இந்தத் துறையில் பட்டப்படிப்பு நடக்கிறது, அங்கே விசாரித்தால் தமிழ் தெரிந்தவர் யாரும் உண்டா என்று தெரியவரலாம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: ஒரு நேரத்தில் ஒருவர் கதையுங்கள், டிவியை நிறுத்திவிட்டு. சிறிய வசனங்கள். ‘தேத்தண்ணியா, பாலா?’ என்று இரண்டையும் கையில் காட்டிக் கேளுங்கள். ‘இது என்ன, சொல்லுங்கோ பார்ப்போம்’ என்று பரீட்சை வைக்காதீர்கள், வந்து பார்க்கும் சொந்தக்காரர்களையும் வைக்க விடாதீர்கள். அவர் சொல்லும் ‘ஓம்’ உண்மையில் ஓம்தானா என்றும் ஒருக்கால் பாருங்கள். ‘கடை கண்டியிலயா?’ என்று கேட்டு அதற்கும் ஓம் என்றால், நோகுதா, பசிக்குதா என்ற கேள்விகளுக்கு அவர் சொல்லும் ஓமையும் நம்ப முடியாது. முகத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

விழுங்குவதையும் பாருங்கள். பிளேன்டீ, தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா, குடித்த பிறகு குரல் ஈரமாகக் கரகரக்கிறதா? அப்படியென்றால் காத்திருக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா வருவது இந்த வழியில்தான். இருமாமலேயே உள்ளே இறங்குவதும் உண்டு, ஆகவே இருமவில்லை என்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. எதுவானாலும் நிமிர்ந்து இருத்தித்தான் கொடுக்க வேண்டும், கொடுத்து அரை மணித்தியாலம் படுக்க விடாதீர்கள்.

‘ஒத்துழைக்கிறார் இல்லை, சுவரைப் பார்த்தபடி படுக்கிறார்’ என்பதைச் சோம்பல் என்று எடுக்க வேண்டாம். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கு மருந்து உண்டு, கேட்டால்தான் கொடுப்பார்கள். அதோடு, கொஞ்சம் செய்ததும் சோர்ந்துபோவது இந்த நோயின் இயல்பு, பயிற்சியைக் காலையில் வைத்துப் பாருங்கள். அம்மாவையும் கவனியுங்கள். இரவில் எழுப்பி, தூக்கி, பம்பஸ் மாற்றுகிறவர் அவர்தான். அவருடைய முதுகு பிடித்துக்கொண்டால் வீட்டில் இரண்டு நோயாளி.

முகம் கோணினாலோ, இடது பக்கம் புதிதாகச் சோர்ந்தாலோ, கதை திடீரென்று மேலும் மோசமானாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், இலவசம். ‘விடியட்டும்’ என்று இருக்க வேண்டாம், உறைந்த கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு நாலரை மணித்தியாலம்தான் கணக்கு.

அடுத்த கிளினிக்குக்குப் போக முன், அப்பா கதிரையிலிருந்து எழும்புவதை உங்கள் போனில் ஒரு சின்ன வீடியோவாக எடுத்து வையுங்கள். நெரிசலில் வைத்தியருக்கு அவரை எழுப்பிப் பார்க்க நேரம் இருக்காது, வீடியோவைப் பார்க்க நேரம் இருக்கும். புனர்வாழ்வுக்குக் கடிதம் கேட்க அது நல்ல சந்தர்ப்பம். முடிந்தால் இங்கே மூன்று விஷயங்களையும் எழுதுங்கள்: வலது கை விரல்கள் சற்றாவது விரிகின்றனவா, பிடிக்காமல் எவ்வளவு நேரம் கட்டில் விளிம்பில் இருக்கிறார், தோளில் நோ உண்டா. அவை தெரிந்தால் கையைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லலாம்.